வள்ளி திருமண இசைத்தட்டுகள்: சுருதி, காலப்பிரமாணம், சுவை

வள்ளி திருமணம் தமிழ் இசை நாடகங்களில் மிகுதியாக மேடையேறிய நாடகம். சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) எழுதிய வடிவமே இன்றுவரை பெரும்பாலும் நடிக்கப்படுகிறது. பாட்டும் விருத்தமும் தர்க்கமும் கதையை நகர்த்துவதால் இதை ஓபராவுக்கு ஈடான தமிழ் வடிவம் என்று சொல்வதுண்டு. கிராமபோன் காலத்தில் இந்நாடகத்தின் பாடல்களும், இதே மேடை மரபைச் சேர்ந்த பிற பாடல்களும் இசைத்தட்டுகளாக வெளிவந்தன. எஸ்.ஜி. கிட்டப்பா, கே.பி. சுந்தராம்பாள் போன்றோரின் குரல் இன்று நமக்குக் கிடைப்பது இத்தகைய பதிவுகளால்தான். ஆனால் பழைய இசைத்தட்டு ஒன்றைக் கேட்டு, அதைப் பாடியவர் எத்தனை கட்டையில் பாடினார், எவ்வளவு விரைவாகப் பாடினார், எந்த உணர்ச்சியோடு பாடினார் என்று சொல்வது தோன்றுமளவுக்கு எளிதன்று. மூன்றும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன.

நாடகமும் அதன் நிலமும்

நாடகத்தின் களம் குறிஞ்சி நிலம். தினைப்புனத்தில் பரண்மேல் நின்று வள்ளி ஆலோலம் பாடிக் கிளி ஓட்டுகிறாள். நாரதர் வந்து கலகம் மூட்ட, முருகன் வேலனாகவும் வேடனாகவும் விருத்தனாகவும் வந்து அவளை மணக்கிறான். கதை நடக்கும் இடமாகப் பல மலைகள் உரிமை கொண்டாடப்படுகின்றன. தினையும் சாமையும் கேழ்வரகும் இன்றும் விளையும் கொல்லிமலை போன்ற இடங்களைப் பார்த்தவர்களுக்கு இந்தப் பரண்காட்சி வெறும் கற்பனையாகத் தோன்றாது.

நாமக்கல் மாவட்டத்தில் உள்ள கொல்லிமலைக்குத் தமிழ் இசை வரலாற்றில் தனி இடம் உண்டு. அதை ஆண்ட வல்வில் ஓரியைப் பாடும் வன்பரணரின் புறநானூற்றுப் பாடல்களில் (152, 153) ஓர் இசைக்குழு வருகிறது. வேட்டையாடிக் கொண்டிருந்தவன் இன்னான் என்று அறியாமலே பாணர் கூட்டம் அவன்முன் பாடத் தொடங்குகிறது. முழவு, யாழ், தூம்பு, எல்லரி, ஆகுளி, பதலை என்று கருவிகள் பெயர் சொல்லி வரிசைப்படுத்தப்படுகின்றன. இருபத்தொரு துறைகளும் முறையாகப் பாடி முடிக்கப்படுகின்றன. அடுத்த பாடலில், ஓரி கொடுத்த பரிசில் மிகுதியால் அந்தக் கூட்டம் ஆடலையும் பாடலையும் மறந்துபோய் நிற்கிறது. பாடுவோர், கருவி இசைப்போர், ஆடும் விறலி என்று ஒரு முழு அரங்கக் குழுவை இவ்வளவு துல்லியமாகக் காட்டும் பழம்பாடல்கள் குறைவு. நாடகக் கம்பெனிகளின் முன்னோரைத் தேடுவோர் இங்கிருந்து தொடங்கலாம். இதே மலையின் பெயரைத் தாங்கிய ஒரு பண்ணும் உண்டு. அதைப் பற்றிப் பின்னர்.

கட்டை என்னும் அளவு

தமிழ் மேடையில் சுருதியைக் கட்டைக் கணக்கில் சொல்வர். ஆர்மோனியத்தின் வெள்ளைக் கட்டைகளில் மேற்கத்திய சி சுரம் 1 கட்டை. அதிலிருந்து டி 2, இ 3, எஃப் 4, ஜி 5, ஏ 6, பி 7 கட்டை. இடையிலுள்ள கறுப்புக் கட்டைகள் ஒன்றரை, இரண்டரை, நாலரை, ஐந்தரை, ஆறரை என்று வழங்கும். மூன்றரைக் கட்டை என்று ஒன்று இல்லை. மூன்றுக்கும் நான்குக்கும் இடையே கறுப்புக் கட்டையே கிடையாது. பழைய பாகவதர்களைப் பற்றி ஆர்வத்தோடு எழுதும் சிலர் மூன்றரைக் கட்டைச் சாரீரம் என்று எழுதிவிடுவதுண்டு.

'ஐந்து கட்டையில் பாடினார்' என்றால் ஜி சுரத்தைத் தம் ஆதார ஷட்ஜமாக வைத்துக்கொண்டார் என்று பொருள். இன்றைய கருநாடக இசைக் கச்சேரிகளில் ஆண்கள் பெரும்பாலும் 1 முதல் 2 கட்டையிலும், பெண்கள் 5 முதல் 6 கட்டையிலும் பாடுகின்றனர். ஆண் குரல் ஒன்று 4 கட்டைக்கு மேல் நின்றால் அது அரிய குரல்.

எவ்வளவு அரிது என்பதை ஓபராவோடு ஒப்பிட்டால் விளங்கும். ஓபராவில் டெனார் எனப்படும் உயர்ந்த ஆண் குரலுக்குப் புகழின் எல்லையாகக் கருதப்படுவது மேல் சி சுரம். அதன் அதிர்வெண் ஏறத்தாழ 523. ஒரு ராஜபார்ட் நடிகர் 4 கட்டைச் சுருதியில் மேல் ஸ்தாயிப் பஞ்சமத்தைத் தொட்டால் அவர் தொடுவது அதே சுரத்தைத்தான். 5 கட்டையில் அதே பஞ்சமத்தைத் தொட்டால் டெனாரின் எல்லையையும் ஒரு முழுச் சுரம் தாண்டிவிடுகிறார். மிலான் ஓபரா அரங்கில் ஓரிரவில் ஓரிரு முறை கேட்டு ரசிகர்கள் எழுந்து நிற்கும் உயரத்தில், நம்மூர்க் கொட்டகைகளில் விடியவிடியப் பாடியிருக்கின்றனர்.

மேடைச் சுருதி ஏன் உயர்ந்தது

காரணம் ஒலிபெருக்கி இல்லாமைதான். கொட்டகையின் கடைசி வரிசைக்கும், அதற்கு வெளியே மண் தரையில் உட்கார்ந்திருப்பவருக்கும் சொல் தெளிவாகப் போய்ச் சேர வேண்டும். தாழ்ந்த சுருதிக் குரல் கூட்டத்தின் இரைச்சலில் அமுங்கிவிடும். உயர்ந்த குரல் மிதந்து செல்லும். ஸ்பெஷல் நாடகம் எனப்படும் முறையில் வெவ்வேறு ஊர்களிலிருந்து வந்த நடிகர்கள் ஒத்திகை இன்றி அன்றிரவே ஒன்றுகூடி நடிப்பர். ராஜபார்ட்டும் ஸ்திரீபார்ட்டும் எதிரெதிரே நின்று பாட்டாலேயே தர்க்கம் செய்யும்போது பின்பாட்டுக்காரரின் ஆர்மோனியம் ஒரே சுருதியில் நிற்பது வசதி. பெண் குரலின் சுருதிக்கு ஆண் ஏறி வர வேண்டியிருந்தது. ஏற முடியாதவருக்கு அந்த மேடையில் இடமில்லை.

செங்கோட்டையில் 1906இல் பிறந்த கிட்டப்பா சிறுவயதிலேயே மேடையேறியவர். கொடுமுடியில் 1908இல் பிறந்த சுந்தராம்பாளும் அப்படியே. 1926இல் கொழும்பில் இருவரும் சேர்ந்து நடிக்கத் தொடங்கினர். மறு ஆண்டு மணந்துகொண்டனர். இவர்கள் இணை பெரும்புகழ் பெற்றதற்குக் குரல் ஒற்றுமை ஒரு முக்கியக் காரணம். வள்ளியும் வேலனும் மாறி மாறிப் பாடும்போது ஒருவருக்காக மற்றவர் சுருதியை இறக்க வேண்டியதில்லை. ஆண் பெண் இருவர் பாடும் காட்சி இரு குரல்களின் போட்டியாகவே மாறிவிடும். வள்ளி திருமணத்தின் தர்க்கம் சொல்லில் மட்டும் நடப்பதில்லை.

ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடம்

இரவு பத்து மணிக்குத் தொடங்கி விடியும்வரை நடக்கும் நாடகம் பத்து அங்குல இசைத்தட்டின் ஒரு பக்கத்துக்குள் அடங்க வேண்டும். அந்தப் பக்கம் ஓடும் நேரம் மூன்று நிமிடம் அல்லது அதற்குச் சற்று மேல். நாடக செட் என்ற பெயரில் பல தட்டுகளைத் தொகுதியாக விற்றபோதும் ஒவ்வொரு பக்கத்துக்கும் இதே எல்லைதான்.

இந்த எல்லை காலப்பிரமாணத்தை என்ன செய்தது என்பதைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். ஒரு பக்கம் 3 நிமிடம் 15 நொடி ஓடுகிறது என்று கொள்வோம். எட்டு எண்ணிக்கை கொண்ட ஆதி தாளத்தை நொடிக்கு ஓர் எண்ணிக்கையாகப் போட்டால் ஓர் ஆவர்த்தனத்துக்கு எட்டு நொடி. முழுப் பக்கத்துக்கும் 24 ஆவர்த்தனம். ஆர்மோனிய முகப்பு, பல்லவியை இருமுறை பாடுவது, அனுபல்லவி, சரணம், திரும்பப் பல்லவி என்று பார்த்தால் சங்கதி போட இடமே இருக்காது. அதே பாட்டை ஒன்றரை மடங்கு விரைவாகப் பாடினால் 36 ஆவர்த்தனம் கிடைக்கும். பாடகர்கள் பலர் இரண்டாவது வழியையே எடுத்தனர். பழைய தட்டுகளில் கேட்கும் விரைவு முழுவதும் அக்காலத்து மேடை விரைவு என்று கொள்ளக் கூடாது. அதில் ஒரு பகுதி தட்டின் அளவு விதித்தது.

மிகுதியாக வெட்டுப்பட்டது விருத்தம். தாளக்கட்டு இல்லாத விருத்தத்துக்குக் காலப்பிரமாணம் என்று ஒன்று இல்லை. பாடுபவரின் மூச்சும் கூட்டத்தின் ஆரவாரமும்தான் அளவு. ஒரே சொல்லில் நின்று சுழன்று, கைதட்டல் வந்த பிறகே அடுத்த அடிக்குப் போவது மேடை வழக்கம். 'ஒன்ஸ்மோர்' கேட்டால் முதலிலிருந்து. இசைத்தட்டில் கூட்டமும் இல்லை, ஒன்ஸ்மோரும் இல்லை. விருத்தம் ஒரு நிமிட முகப்பாகச் சுருங்கி, உடனே தாளத்தோடு பாட்டு தொடங்கிவிடுகிறது. கிட்டப்பாவின் புகழுக்குப் பெரிதும் காரணமாக இருந்தது விருத்தம் பாடும் திறன் என்பதை நினைத்தால் இழப்பின் அளவு புரியும். தட்டில் மிஞ்சியிருப்பது அந்த விருத்தத்தின் சாரமே. அதுவே நம்மை வியக்க வைக்கிறது.

வேகம் கூடினால் சுருதியும் கூடும்

இசைத்தட்டு சுழலும் வேகத்தை மாற்றினால் பாட்டின் காலமும் சுருதியும் சேர்ந்தே மாறும். ஒன்றை விட்டு ஒன்றை மாற்ற முடியாது. அரைக்கட்டை என்பது அதிர்வெண்ணில் ஏறத்தாழ 6 விழுக்காடு வேறுபாடு. நிமிடத்துக்கு 78 சுற்று ஓட வேண்டிய கருவியில், உண்மையில் 73 அல்லது 74 சுற்றில் பதிவான தட்டை வைத்தால் பாட்டு அரைக்கட்டை உயர்ந்து ஒலிக்கும். 3 நிமிடம் 15 நொடிப் பாட்டு 3 நிமிடம் 4 நொடியில் முடிந்துவிடும். 5 கட்டைக்காரர் ஐந்தரைக் கட்டைக்காரர் ஆகிவிடுவார். நிதானமாகப் பாடியவர் துடிப்பாகப் பாடியவர் ஆகிவிடுவார். குரலும் சற்று மெலிந்து இளமையாகத் தோன்றும்.

இது வெறும் கற்பனைச் சிக்கலன்று. கல்கத்தாவில் கௌஹர் ஜான் பாடிப் பதிவுசெய்த 1902ஆம் ஆண்டு முதல் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் உலகெங்கும் தட்டுகள் வெவ்வேறு வேகங்களில் பதிவாயின. 78 என்ற அளவு நிலைபெற்றது பின்னர்தான். 1925 அளவில் ஒலிப்புனலுக்குப் பதிலாக மின் ஒலிவாங்கி வந்து பதிவுமுறையே மாறியது. அதன்பின் வேகமும் ஓரளவு ஒழுங்குக்கு வந்தது. ஆகவே 1920களின் இறுதியிலும் 1930களின் தொடக்கத்திலும் பதிவான நாடகப் பாடல்களில் மூலத்தட்டின் பிழை சிறிதாகவே இருக்கும். பிழை பெருகியது பின்னால் நடந்த படியெடுப்பில். வீட்டுக் கிராமபோனில் சாவி கொடுத்த சுருள்வில் தளரத் தளரத் தட்டு மெதுவாகும். வேகத்தை மாற்றும் நெம்பும் பக்கத்திலேயே இருக்கும். அப்படி ஓடிய தட்டிலிருந்து ஒலிநாடாவுக்கு, நாடாவிலிருந்து கணினிக்கு என்று மாறி மாறி வந்த ஒரு பாட்டை இன்று இணையத்தில் கேட்பவர் 'ஆறு கட்டை' என்று எழுதுவதற்கு முன் சற்றுத் தயங்குவது நல்லது.

உண்மைச் சுருதியைக் கண்டறிதல்

முதல் சான்று ஆர்மோனியம். அதன் நாக்குகள் நிலையான சுரம் தருபவை. பாடகருக்காக ஏறவோ இறங்கவோ செய்யாது. பதிவில் கேட்கும் ஆதார ஷட்ஜம் இரண்டு கட்டைகளுக்கு நடுவே எங்கோ விழுந்தால் வேகம் தவறியிருக்கிறது என்று ஐயுறலாம். ஆனால் இதை மட்டும் நம்பவும் கூடாது. அக்கால ஆர்மோனியங்கள் எல்லாம் ஏ சுரத்துக்கு 440 என்ற இன்றைய அளவில் செய்யப்பட்டவை அல்ல. சற்றுக் கூடியும் குறைந்தும் இருந்தன.

இரண்டாவது சான்று பேச்சு. நாடக செட்டுகளில் பாட்டுக்கிடையே வசனம் வரும். மனிதக் காது பாட்டில் ஏமாறுவது போலப் பேச்சில் எளிதாக ஏமாறாது. வேகம் கூடிய பதிவில் நாரதர் பேசுவது வேடிக்கையாக ஒலித்தால் பாட்டின் சுருதியும் கூடியிருக்கிறது என்று பொருள். வசனம் இருக்கும் தட்டு கிடைத்தால் அதை அளவுகோலாக வைத்து, அதே அமர்வில் பதிவான மற்றத் தட்டுகளையும் ஒருவாறு சரிசெய்ய முடியும். மூன்றாவது, கமக அசைவு. பிருகாக்கள் எவ்வளவு விரைவானாலும் தொண்டைக்கு ஓர் எல்லை உண்டு. நிலையான சுரத்தில் நிற்கும்போது குரலில் இயல்பாக எழும் நடுக்கம் மிக விரைவாகக் கேட்டால் வேகத்தைக் குறைத்துப் பார்க்க வேண்டும்.

இவற்றையெல்லாம் செய்து பார்த்தாலும் கிட்டப்பாவின் குரல் உயர்ந்த குரல் என்ற முடிவு மாறுவதில்லை. அரைக்கட்டை குறைத்தாலும் அது அக்காலக் கச்சேரிப் பாடகர்கள் பலரைவிட மேலேதான் நிற்கிறது. எத்தனை கட்டை என்ற எண்ணில் பிழை இருக்கலாம். புகழில் பிழை இல்லை.

மேற்கத்திய ஓபராக் கேட்போர் இதே வேலையை நெடுங்காலமாகச் செய்துவருகின்றனர். அங்கு சிக்கல் வேறு வகை. வெர்டி 1853இல் அரங்கேற்றிய 'இல் திரொவத்தோரே' ஓபராவில் மூன்றாம் அங்கத்தின் இறுதியில் வரும் டெனார் பாட்டு சி மேஜரில் எழுதப்பட்டது. அதை அரைச்சுரம் இறக்கி பி மேஜரில் பாடுவது பல பாடகர்களின் வழக்கம். அப்படி இறக்கிப் பாடிய பதிவைச் சற்று விரைவாக ஓடவிட்டால் மீண்டும் சி மேஜரில் ஒலிக்கும். பாடகர் மூலச் சுருதியிலேயே பாடினார் என்று கேட்பவர் நம்பிவிடுவார். எழுதிய சுருதி ஒன்று இருப்பதால் அங்கு 'சரியா, தவறா' என்ற கேள்வி எழுகிறது. தமிழ் மேடையில் பாட்டுக்குச் சுருதி எழுதப்படுவதில்லை. பாடுபவரின் சாரீரமே சுருதி. அதனால் இங்கு எழும் கேள்வி பாட்டைப் பற்றியதன்று, ஆளைப் பற்றியது.

இதனால் இன்னொரு வேறுபாடும் விளைகிறது. ஓபராவில் மேஜர், மைனர் என்ற சுருதிவகையே பெரும்பாலும் மனநிலையைக் குறித்துவிடும். லியோன்கவல்லோவின் 'பல்யாச்சி' (1892) ஓபராவில், மனைவியின் துரோகத்தை அறிந்த கோமாளி அழுதுகொண்டே வேடம் கட்டும் பாட்டு இ மைனரில் மெதுவாக நடக்கிறது. என்ரிக்கோ கரூசோ அதை 1902, 1904, 1907 ஆகிய ஆண்டுகளில் மூன்று முறை இசைத்தட்டில் பதிந்தார். தமிழிசையில் மனநிலையைத் தருவது சுருதியன்று, இராகம். ஒரே முகாரியை ஒரு கட்டையிலும் பாடலாம், ஐந்து கட்டையிலும் பாடலாம். சோகம் சோகமாகவே இருக்கும்.

மத்திம சுருதியும் கொல்லிப் பண்ணும்

சுருதிக்கும் சுவைக்கும் தமிழிசையில் தொடர்பே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. தொடர்பு தெளிவாகத் தெரியும் ஓரிடம் மத்திம சுருதி.

சில இராகங்கள் மேல் ஷட்ஜத்தைத் தாண்டிப் போவதில்லை. புன்னாகவராளி, நாதநாமக்கிரியை, குறிஞ்சி, செஞ்சுருட்டி, நவரோஜ் ஆகியவை அப்படிப்பட்டவை. இவற்றுள் நவரோஜ் இராகம் கீழ்ப் பஞ்சமத்தில் தொடங்கி மத்திய ஸ்தாயிப் பஞ்சமத்தோடு நின்றுவிடும். சங்கராபரணத்தின் சுரங்களே அதற்கும் உரியவை. இதை வழக்கமான சுருதியில் பாடினால் குரல் தாழ்ந்த பகுதியிலேயே சுற்றிக்கொண்டிருக்கும். அதனால் பாடகர் தம் மத்திமத்தையே ஷட்ஜமாக மாற்றிக்கொள்வார். 1 கட்டைக்காரர் 4 கட்டையை ஆதாரமாகக் கொள்வார். அப்போது இராகத்தின் கீழ்ப் பஞ்சமம் அவருடைய வழக்கமான ஷட்ஜத்திலும், மேற்பஞ்சமம் அவருடைய வழக்கமான மேல் ஷட்ஜத்திலும் சரியாக வந்து உட்காரும். குரலை வருத்தாமல் நடுப்பகுதியிலேயே பாடலாம். தாலாட்டும் லாலியும் ஊஞ்சற்பாட்டும் இவ்வகை இராகங்களில் மிகுதியாக இருப்பதற்கு இந்த வருத்தமின்மையும் காரணமாக இருக்க வேண்டும். இசைத்தட்டுகளில் சுருதி கண்டுபிடிப்போர் வழுக்கி விழும் இடமும் இதுவே. 5 கட்டைக்காரர் மத்திம சுருதியில் பாடினால் ஆதாரம் மேல் சி சுரத்தில் ஒலிக்கும். இராகத்தைக் கவனியாமல் கேட்பவர் '1 கட்டை' என்று குறித்துவிடக்கூடும்.

தேவாரப் பண்களில் கொல்லி என்ற பண்ணை ஓதுவார்கள் இன்று நவரோஜ் இராகத்தில் பாடுகின்றனர். கொல்லிக்கௌவாணம் என்ற பண்ணுக்கும் அதே இராகம். வல்வில் ஓரியின் மலையைப் பெயரால் நினைவூட்டும் இந்தப் பண்ணில் அமைந்த இரண்டு பதிகங்களை அடுத்தடுத்து வைத்துக் கேட்பது சுவை பற்றிய நல்ல பாடம். ஒன்று, சூலைநோய் குடலை முறுக்க, திருவதிகையில் திருநாவுக்கரசர் முதன்முதலில் பாடிய பதிகம். நான்காம் திருமுறையின் முதல் பதிகமும் அதுவே. மற்றொன்று, மண்ணுலகில் நன்றாக வாழலாம் என்று உறுதி கூறும் திருஞானசம்பந்தரின் கழுமலப் பதிகம். அலறலுக்கும் ஆறுதலுக்கும் ஒரே பண். வேறுபாட்டை உண்டாக்குவது பாடும் முறை: காலத்தை இழுத்து, சொல்லைப் பிரித்து, அடியின் இறுதியில் நின்றால் நோயாளியின் குரல், தாளத்தோடு அடியெடுத்து வைத்தால் வாழ்த்துபவரின் குரல். இராகம் சுவையைத் தருகிறது என்ற விதிக்கு இந்த இரண்டு பதிகங்களும் ஒரு திருத்தம் சொல்கின்றன. இராகம் இடத்தைத் தருகிறது. அங்கு எப்படி நடப்பது என்பதைக் காலப்பிரமாணம் முடிவு செய்கிறது.

நாடகமேடையில் சுவை

நாடக ஆசிரியர்கள் இதை நன்றாக அறிந்திருந்தனர். ஒப்பாரிக்கு நாதநாமக்கிரியை, துயரத்துக்கு முகாரி, வீரத்துக்கும் வீம்புக்கும் அடாணா என்று பொதுவான வழக்கு இருந்தது. ஆனால் அது சட்டமாக இல்லை. தமிழகத்துக்கு வந்துபோன பார்சி நாடகக் கம்பெனிகளின் இந்துஸ்தானி மெட்டுகள் இங்கே பார்சி மெட்டு என்ற பெயரில் பரவின. அவற்றின் துள்ளல் நடை கேலிக்கும் காதலுக்கும் பயன்பட்டது. கருநாடக இராக விருத்தம், பார்சி மெட்டுப் பாட்டு, நாட்டுப்புறத் தெம்மாங்கு மூன்றும் ஒரே இரவில் ஒரே மேடையில் அடுத்தடுத்து வரும். கச்சேரி விமர்சகர்கள் இதைக் கலப்படம் என்று முகம் சுளித்தனர். நாடகத்துக்கு அந்தக் கலப்பு தேவைப்பட்டது; பபூன் வந்து போன சுவடு மாறுமுன் வள்ளி அழ வேண்டியிருக்கிறது.

ஆலோலப் பாட்டு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. கிளி ஓட்டும் கூப்பாடு அது. தினைக்காட்டில் கூவும் பெண்ணின் குரல் தொலைவுக்குப் போக வேண்டும் என்பதால் இயல்பாகவே உச்சத்தில் தொடங்கி இறங்கும். மேடை வள்ளியும் அப்படியே உச்சத்தில் எடுத்து, நீட்டி, இறக்கிப் பாடுகிறாள். உயர்ந்த சுருதி இங்கு திறமைக் காட்சி மட்டுமன்று. காட்சிக்குள்ளேயே அதற்கு வேலை இருக்கிறது. பரணில் நிற்பவள் மெல்லிய குரலில் பாடினால் கிளி போகாது.

சுந்தராம்பாளின் பதிவுகளில் சுருதி, காலம், சுவை மூன்றையும் சேர்த்துக் கவனிக்க இன்னொரு காரணம் உண்டு. கிட்டப்பா 1933 டிசம்பர் 2ஆம் நாள், 27 வயதில் இறந்தார். சுந்தராம்பாளுக்கு அப்போது 25 வயது. அதன்பின் அவர் வெள்ளை உடுத்தி, ஆண் நடிகர்களுக்கு இணையாக நடிப்பதை விட்டார். 1935இல் ஒரு லட்சம் ரூபாய் ஊதியத்தில் நடித்த 'பக்த நந்தனார்' படத்திலும் அவர் ஏற்றது நந்தனார் வேடத்தைத்தான். வேதியராக நடித்தவர் மகாராஜபுரம் விசுவநாத ஐயர். 1953இல் வெளிவந்த 'ஔவையார்' படத்தில் கிழவி வேடம். வள்ளியாகத் தர்க்கம் செய்த குரல் பக்தனாகவும் மூதாட்டியாகவும் மாறியது. குரல் உயரம் குறையவில்லை. ஒவ்வொரு சொல்லையும் அழுத்தி நிறுத்தும் மேடைப் பழக்கமும் போகவில்லை. குறைந்தது விளையாட்டு. பிற்காலப் பதிவுகளில் உச்சச் சுரம் வரும்போது அது அறைகூவலாகக் கேட்கிறது. வேலனை மடக்கும் குறும்பு அதில் இல்லை. சுருதி அதேதான் என்றாலும் சுவை வேறாகிவிட்டது.

படச்சுருளில்

பேசும்படம் வந்ததும் வள்ளி திருமணமும் திரைக்குப் போனது. 1933இல் டி.பி. ராஜலட்சுமி நடிக்க அதே பெயரில் ஒரு படம் வெளிவந்தது. 1945இல் ஏ.வி. மெய்யப்பன் எடுத்த 'ஸ்ரீ வள்ளி'யில் முருகனாக டி.ஆர். மகாலிங்கமும் வள்ளியாகக் குமாரி ருக்மணியும் நடித்தனர். மகாலிங்கம் கிட்டப்பா வழியில் வந்த உயர்சுருதிப் பாடகர். காயாத கானகம் என்று தொடங்கும் சங்கரதாஸ் சுவாமிகளின் பாட்டு இன்று பெரும்பாலோருக்கு அவர் குரலிலேயே நினைவில் நிற்கிறது. திரையில் மூன்று நிமிட எல்லை இல்லை. ஆனால் ஒலிவாங்கி அருகிலேயே வந்துவிட்டதால் உச்சத்தில் பாடியே தீர வேண்டிய தேவையும் இல்லை. மகாலிங்கம் அந்த உயரத்தைத் தேவைக்காக அன்றி மரபுக்காகவே வைத்துக்கொண்டார் எனலாம்.

அந்தப் படத்தில் வள்ளியின் பாடல்களை முதலில் ருக்மணியே பாடியிருந்தார். படம் வெளிவந்தபின் அவை மனநிறைவு தராததால் பி.ஏ. பெரியநாயகியைப் பாடவைத்து, ஏற்கெனவே படமாகியிருந்த உதட்டசைவோடு பொருத்தினர். பெரியநாயகி தம் விருப்பம்போல் காலத்தைக் கூட்டவோ குறைக்கவோ முடியாது. ருக்மணியின் உதடுகள் எங்கே மூடுகின்றனவோ அங்கே சொல் முடிய வேண்டும். கிராமபோன் தட்டில் காலமும் சுருதியும் ஒன்றாகப் பூட்டிக் கிடந்தன. இங்கு பூட்டு உடைந்தது. காலம் பழைய வள்ளியுடையது, குரல் புதிய வள்ளியுடையது.